ஈஸல் வாங்குமுன் அளந்து பார்க்க வேண்டியவை

ஓவியம் தீட்டத் தொடங்குபவர்கள் வண்ணத்தையும் தூரிகையையும் நாள்கணக்கில் ஆராய்ந்து தேர்ந்தெடுக்கிறார்கள். கேன்வாஸைத் தாங்கி நிற்கும் ஈஸலை மட்டும் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன். மெல்லிய அலுமினியக் கால்கள் மூன்று, ஒன்றுக்குள் ஒன்று செருகி நீளும் குழாய்கள், மடித்தால் குடையைப் போலச் சுருங்கி அடங்கும் ஓர் உறை. பென்சில் வரைவுகளுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. கெட்டியான எண்ணெய் வண்ணத்தைக் கத்தியால் அப்பத் தொடங்கியதும் ஒவ்வோர் அழுத்தத்துக்கும் கேன்வாஸ் அதிர்ந்தது. அந்த அதிர்வில் இடப்பக்க முன்காலின் பூட்டு சிறிது சிறிதாக நழுவி, அரைமணி நேரத்தில் அந்தக் கால் நான்கு விரற்கடை குட்டையாகியிருந்தது. படத்தில் அடிவானக் கோடு சாய்ந்திருப்பதைக் கண்டு, என் கையின் பிழை என்று எண்ணி, நான் அதை நேராக்கிக்கொண்டிருந்தேன். கடைசியில் கால் முழுவதுமாக உள்ளிறங்கி, கேன்வாஸ் ஈர வண்ணத்தோடு முகங்குப்புற விழுந்தது.

ஈஸல் என்னும் சொல் கழுதையைக் குறிக்கும் டச்சு மொழிச் சொல்லிலிருந்து வந்தது. சுமப்பதே அதன் வேலை என்பதால் அமைந்த பெயர். தமிழில் ‘ஈசல்’ என்று எழுதினால் மழைக்குப் பின் விளக்கைச் சுற்றும் பூச்சி நினைவுக்கு வந்துவிடுகிறது. ஆகவே கிரந்த எழுத்தைச் சேர்த்தே எழுதுகிறேன். ஓவியத் தாங்கி என்று சொல்வாரும் உண்டு.

முதலில் பார்க்க வேண்டியது சாய்வு

எந்த ஈஸல் என்று கேட்பதற்கு முன் எந்த வண்ணம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஏனெனில் ஈரமான வண்ணம் எவ்வளவு ஓடும், எவ்வளவு மின்னும், எவ்வளவு உதிரும் என்பதைப் பொறுத்தே ஓவியப் பரப்பு எந்தச் சாய்வில் நிற்க வேண்டும் என்பது அமைகிறது. நீர்வண்ணத்தில் நீரே பாதி வேலையைச் செய்கிறது. தாளை நிமிர்த்தி வைத்தால் பூசிய நீர் முழுவதும் கீழே ஓடி வரிவரியாகத் தேங்கும். முற்றிலும் கிடையாக வைத்தாலோ அது குட்டையாக நின்று, காயும்போது ஓரங்களில் கறை கட்டும். பெரும்பாலானோர் 10 முதல் 20 பாகை வரையிலான சாய்வில் வேலை செய்கிறார்கள். பாகைமானியைத் தேட வேண்டியதில்லை, 40 செ.மீ. நீளமுள்ள பலகையின் மேல் விளிம்பை மேசையிலிருந்து சுமார் 10 செ.மீ. உயர்த்தினால் 15 பாகை கிடைத்துவிடும். அதற்கு ஒரு மரத்துண்டோ தடித்த புத்தகமோ போதும் என்பதால், நீர்வண்ணம் மட்டுமே தீட்டுபவர் ஈஸல் வாங்காமலே காலம் தள்ளலாம் என்பது என் கருத்து. நின்றுகொண்டோ வெளியிடங்களிலோ நீர்வண்ணம் தீட்ட விரும்பினால், பலகையைப் படுக்கை நிலை வரை சாய்க்க வழியுள்ள மாற்றுநிலை ஈஸலைத் தேட வேண்டும். எண்ணெய் வண்ணத்துக்கென்று செய்யப்பட்ட பல ஈஸல்கள் அந்த அளவுக்குச் சாய்வதில்லை.

எண்ணெய் வண்ணத்தில் சிக்கல் வேறு. ஈர எண்ணெய் கண்ணாடியைப் போல ஒளியைத் திருப்பி அனுப்பும். கேன்வாஸின் தலை பின்னோக்கிச் சாய்ந்திருந்தால் மேலிருந்து வரும் வெளிச்சம் அதில் பட்டு நேராகக் கண்ணுக்குள் விழும்; கரும்பழுப்பா கருநீலமா என்று தெரியாமல் குழம்ப நேரிடும். பரப்பைச் செங்குத்தாக நிறுத்தினாலே பெரும்பாலான கண்கூச்சம் மறைந்துவிடும். தலைப்பகுதியைச் சற்று நம்மை நோக்கி முன்சாய்த்தால் மீதியும் போய்விடும், தூசியும் ஈர வண்ணத்தில் படியாது. மேல் விளிம்பிலிருந்து நூலில் ஒரு சாவியைக் கட்டித் தொங்கவிட்டுப் பாருங்கள். கீழ் விளிம்புக்கு இரண்டு விரற்கடை முன்னால் சாவி தொங்கினால் முன்சாய்வு போதுமான அளவில் இருக்கிறது என்று கொள்ளலாம்.

பொடி வண்ணக் குச்சியான பேஸ்டலுக்கு இந்த முன்சாய்வு ஏறத்தாழக் கட்டாயம். குச்சியைத் தேய்க்கும்போது உதிரும் பொடி, பரப்பு பின்சாய்ந்திருந்தால் கீழே உள்ள நிறங்களின் மேல் வழிந்து அவற்றை அழுக்காக்கும். முன்சாய்ந்திருந்தால் படத்தைத் தொடாமல், பலகை அமரும் அடித்தட்டில் விழும். அதை ஊதித் தள்ளாமல் ஈரத்துணியால் துடைத்தெடுப்பது நுரையீரலுக்கு நல்லது. ஆனால் முன்னோக்கிச் சாயும் ஈஸல் எல்லாக் கடைகளிலும் முன்வரிசையில் நிற்பதில்லை. மலிவான மூன்றுகால் வகைகளில் பல பின்னோக்கி மட்டுமே சாயும். முன்சாய்வு உள்ள ஈஸலில், பலகையின் மேல் விளிம்பைப் பிடிக்கும் மேற்கவ்வி இறுக்கமாகப் பிடிக்கிறதா என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அது தளர்ந்தால் பலகை ஓவியரின் மேலேயே சாயும்.

அக்ரிலிக் வண்ணம் எண்ணெய் வண்ணத்துக்கும் நீர்வண்ணத்துக்கும் இடைப்பட்டது. கெட்டியாகத் தீட்டினால் எண்ணெய் வண்ணத்துக்குச் சொன்னதும், நீர்க்கக் கரைத்துத் தீட்டினால் நீர்வண்ணத்துக்குச் சொன்னதும் பொருந்தும்.

கரியிலும் பென்சிலிலும் வரைபவர்களுக்கு எதுவும் ஓடுவதில்லை, மின்னுவதில்லை. ஆயினும் பெரிய தாளை மேசையில் கிடையாக விரித்து வரைவதில் ஓர் ஆபத்து உண்டு. தாளின் மேற்பகுதி கண்ணிலிருந்து தொலைவில், சரிந்த கோணத்தில் இருப்பதால் அது குறுகித் தெரியும். கை தன்னையறியாமல் அதை ஈடுகட்ட நீட்டி வரையும். எழுந்து நின்று பார்க்கும்போது உருவத்தின் நெற்றி மட்டும் வளர்ந்திருக்கும். பார்வை பரப்பின் மேல் ஏறக்குறையச் செங்குத்தாக விழும்படி பலகையை நிமிர்த்தினால் இந்தப் பிழை வருவதில்லை.

கேன்வாஸின் அளவும் அறையின் உயரமும்

விற்பவர்கள் ஒவ்வோர் ஈஸலுக்கும் தாங்கக்கூடிய அதிகபட்சக் கேன்வாஸ் உயரத்தைக் குறிப்பிடுவார்கள். அந்த எண்ணை மட்டும் நம்பி வாங்குவது போதாது. பெரிய கேன்வாஸில் மேற்பகுதியைத் தீட்ட அதை இறக்க வேண்டும். கீழ்ப்பகுதியைத் தீட்ட ஏற்ற வேண்டும். 120 செ.மீ. உயரமுள்ள கேன்வாஸின் அடிவிளிம்பைக் குனியாமல் தீட்ட, அடித்தட்டைத் தரையிலிருந்து 100 செ.மீ. உயரத்தில் வைப்பதாகக் கொள்வோம். கேன்வாஸின் தலை 220 செ.மீ. உயரத்தில் இருக்கும், அதைப் பிடித்திருக்கும் நடுத்தண்டும் மேற்கவ்வியும் அதற்கும் மேலே நீளும். மின்விசிறியோ தாழ்ந்த விட்டமோ உள்ள அறையில் இது எங்கே போய் முட்டும் என்பதை வாங்குவதற்கு முன்பே அளவுநாடாவால் பார்த்துவிட வேண்டும்.

பிரெஞ்சு ஓவியர் குளோட் மோனே 1866-இல் ‘தோட்டத்தில் பெண்கள்’ என்ற படத்தைத் திறந்தவெளியில் தீட்டத் தொடங்கியபோது இதே தொல்லையைச் சந்தித்தார். கேன்வாஸ் இரண்டரை மீட்டருக்கும் மேல் உயரமானது. அவர் தோட்டத்தில் ஒரு நீண்ட பள்ளத்தைத் தோண்டி, மேற்பகுதியைத் தீட்ட வேண்டிய போதெல்லாம் கேன்வாஸைக் கப்பியால் அதற்குள் இறக்கினார். ஏணியில் ஏறி நின்றால் பார்க்கும் இடம் மாறிவிடும் அல்லவா! தான் நின்ற இடத்திலேயே நின்று படத்தைத் தன்னிடம் வரவழைத்தார். அந்தப் பள்ளம் செய்த வேலையைத்தான் இன்று கைப்பிடியைச் சுழற்றி ஏற்றி இறக்கும் ஸ்டூடியோ ஈஸல் செய்கிறது. ஒரு மீட்டருக்கு மேற்பட்ட கேன்வாஸில் அடிக்கடி வேலை செய்பவர், அந்தச் சுழல்கைப்பிடிக்காகக் கூடுதலாகச் செலவிடுவதை வீண் என்று நான் சொல்லமாட்டேன். கனமான கேன்வாஸை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறுகையால் திருகை இறுக்கியவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

உட்கார்ந்து தீட்டுபவர்கள் எதிர்ப்பக்கத்தை அளக்க வேண்டும்: அடித்தட்டு எவ்வளவு தாழ இறங்கும் என்பதை. வழக்கமாக அமரும் நாற்காலியில் அமர்ந்து, கண்ணுக்கு நேரே உள்ள உயரத்தைச் சுவரில் குறித்துக்கொண்டு, கேன்வாஸின் நடுப்பகுதி அந்தக் குறிக்குச் சற்றுத் தாழ்வாக வருமாறு கணக்கிட்டால், அடித்தட்டு இறங்க வேண்டிய அளவு கிடைக்கும். அந்த அளவுக்கு இறங்காத ஈஸலின் முன் உட்கார்ந்தால் நாள் முழுவதும் அண்ணாந்து பார்த்துக் கழுத்து நோகும். உடல் எந்த நிலையில் இருக்குமோ அந்த நிலைக்கு ஈஸல் வர வேண்டும். 1925-இல் பேருந்து விபத்தில் சிக்கிப் படுக்கையில் கிடந்த மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோவுக்கு, படுத்தபடியே தீட்டும் வகையில் தனியாக ஓர் ஈஸலைச் செய்வித்துக் கொடுத்தார் அவருடைய தாய்.

சிறிய கேன்வாஸ்களுக்கும் சோதனை தேவை. சில பெரிய ஈஸல்களில் மேற்கவ்வி 30 செ.மீ.க்குக் கீழே இறங்காது. உள்ளங்கை அகலப் பலகையை அதில் நிறுத்த, பின்னால் இன்னொரு பலகையை வைத்து ஒட்ட வேண்டியிருக்கும். கேன்வாஸின் தடிப்பும் முக்கியம். சாதாரணச் சட்டம் ஏறத்தாழ 2 செ.மீ. தடிப்புள்ளது, பக்கங்களையும் சேர்த்துத் தீட்டும் ஆழமான சட்டம் ஏறத்தாழ 4 செ.மீ. வரை வரும். கவ்வியின் வாய் அந்த அளவுக்குத் திறக்க வேண்டும்.

மூன்று காலும் நான்கு காலும்

ஈஸல் வகைகளுக்குப் பெயர்கள் பல இருந்தாலும், வீட்டில் வைத்துத் தீட்டுபவரின் தேர்வு பெரும்பாலும் இரண்டில் அடங்கிவிடும். ஒன்று, முன்னால் இரண்டு கால்களும் பின்னால் கீலில் ஆடும் ஒரு காலும் கொண்ட, ஆங்கில ‘ஏ’ எழுத்தைப் போன்ற முக்காலி வகை. மற்றொன்று, கனத்த அடிச்சட்டத்தின் மேல் இரண்டு நெடுந்தண்டுகளும் குறுக்குச்சட்டமும் கொண்ட, ‘எச்’ எழுத்தைப் போன்ற வகை. மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமையும் என்பதால் முக்காலி எந்த மேடுபள்ளத் தரையிலும் ஆடாமல் நிற்கும். மடித்துச் சுவரோரம் சாய்த்துவிடலாம். ஆனால் அதன் ஒற்றை நடுத்தண்டில் அகலமான கேன்வாஸை வைத்து, ஓரத்தில் தூரிகையை அழுத்தினால், கேன்வாஸ் கதவைப் போலத் திரும்பப் பார்க்கும். பக்கவாட்டில் தட்டிவிட்டால் கவிழவும் கவிழும். எச் வகையில் இரண்டு தண்டுகள் பின்புறம் தாங்குவதால் அந்தத் திருகல் இல்லை. சமதரையில் அது பாறையைப் போல நிற்கும். சமமில்லாத தரையில் நான்காம் கால் அந்தரத்தில் ஆடும், அட்டைத்துண்டு ஒன்றை மடித்துச் செருக வேண்டியதுதான். மடித்து ஒதுக்குவது எளிதன்று. கனமும் 10 கிலோவிலிருந்து தொடங்கி மேலே போகும். 60 செ.மீ.க்கு உட்பட்ட படங்களை மென்மையாகத் தீட்டுபவருக்கு நல்ல மரத்தாலான முக்காலி போதும். கத்தியாலும் முரட்டுத் தூரிகையாலும் அழுத்தித் தீட்டுபவர், அளவு சிறியதானாலும், எச் வகையை வாங்குவதே சரி.

மேசை ஈஸல் இடமில்லாதவர்களுக்கு உதவும். ஆனால் அதன் உறுதி மேசையின் உறுதியைத் தாண்டாது. வகுப்புகளில் காணும், குதிரைமேல் அமர்வது போல இருபுறமும் கால்போட்டு உட்காரும் பலகை ஈஸல் வரைவுப் பயிற்சிக்கு மிகவும் ஏற்றது. வீட்டுக்கு அது பெரும்பாலும் தேவைப்படாது.

மரம் என்றால் பீச் போன்ற கடின மரம் நல்லது. பைன் மலிவானது, இலேசானது, முதல் ஆண்டில் குறை காட்டாது. திருகுகளை இறுக்கி இறுக்கித் தளர்த்தும்போது துளைகளின் வாய் நைந்துபோய், பிறகு எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது. தண்டுகளில் மரத்தின் வரி நீளவாக்கில் நேராக ஓடுகிறதா, நடுவில் முடிச்சு இருக்கிறதா என்று கூர்ந்து பாருங்கள். முடிச்சுள்ள இடத்தில்தான் மரம் முதலில் விரியும். அலுமினியம் ஈரப்பதத்தில் உப்பாது, துருப்பிடிக்காது; ஆனால் மெல்லிய குழாய் அதிர்வை உள்வாங்காமல் திருப்பித் தரும். முறுக்கிப் பூட்டும் கால்களைவிட, நெம்புகோலைப் போல மடக்கிப் பூட்டும் கால்கள் நெடுநாள் பிடிக்கின்றன என்பது என் அனுபவம்.

வெளியே எடுத்துச் செல்வதானால்

1841-இல் ஜான் காஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் பிதுக்கிப் பயன்படுத்தும் தகரக் குழாய்க்குக் காப்புரிமை பெற்ற பிறகு, எண்ணெய் வண்ணத்தை வெளியே கொண்டுபோவது எளிதாயிற்று. ஈஸலும் கூடவே நடக்க வேண்டியதாயிற்று. இன்று வெளிவேலைக்கு மூன்று வழிகள் உள்ளன. வண்ணக்குழாய்களையும் தூரிகைகளையும் வைக்க இழுப்பறையோடு கூடிய பிரெஞ்சுப் பெட்டி ஈஸல் தன்னளவில் முழுமையானது. ஆனால் வெறும் பெட்டியே 5 முதல் 7 கிலோ வரை இருக்கும். வண்ணம், எண்ணெய், கேன்வாஸ் எல்லாம் சேர்ந்தால் தோள் கெஞ்சும். வாகனத்திலிருந்து நூறடி நடப்பவருக்கு அது நல்ல துணை, மலையேறுபவருக்குச் சுமை. கேமரா முக்காலியின் மேல் பொருத்தும் பொச்சாட் பெட்டி அதைவிடச் சிறியது. மூடியில் சிறு பலகை நிற்கும், அடிப்பெட்டியே வண்ணத்தட்டாகும். கால் அங்குலத் திருகுள்ள எந்தக் கேமரா முக்காலியும் பெரும்பாலும் இதற்குப் பொருந்தும். முக்காலி தாங்கும் எடை, பெட்டியின் மொத்த எடையைப் போல இரண்டு மடங்காவது இருக்கட்டும். மூன்றாவது, முன்பு சொன்ன இலேசான அலுமினிய ஈஸல். சிறிய நீர்வண்ணப் பலகைக்கு மட்டும் அதைப் பரிந்துரைப்பேன்.

வெளியில் பெரும்பகை காற்று. கேன்வாஸ் ஒரு பாய்மரம் என்பதை முதல் வீச்சிலேயே உணர்ந்துவிடலாம். பிரான்சில் பலத்த காற்றடிக்கும் ஆர்ல் நகரில் தீட்டிய டச்சு ஓவியர் வான்கோ, ஈஸலின் கால்களை மண்ணில் ஊன்றி, அருகில் அரைமீட்டர் நீள இரும்பு முளைகளை அடித்து, எல்லாவற்றையும் கயிற்றால் கட்டிவிட்டால் காற்றிலும் வேலை செய்யலாம் என்று 1888-இல் கடிதத்தில் எழுதினார். நமக்கு அவ்வளவு வேண்டாம் என்றால், கால்கள் சேரும் நடுப்பகுதியில் ஒரு கொக்கி உள்ளதா என்று பார்த்து வாங்கி, அதில் கற்கள் நிரப்பிய பையைத் தொங்கவிடலாம். பை தரையைச் சற்றே தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். அந்தரத்தில் ஊசலாடினால் அதுவே ஈஸலை ஆட்டும். காற்று வரும் திசையை நோக்கி ஒரு காலை வைப்பதும் பயன் தரும். கால் முனைகளில் ரப்பரும், அதைத் திருப்பினால் வெளிவரும் கூர்முள்ளும் இருந்தால் உள்தரைக்கும் மண்தரைக்கும் ஒன்றே போதும்.

கடையில் நின்றுகொண்டு

வழக்கமாகத் தீட்டும் மிகப் பெரிய அளவில் ஒரு பலகையோ கெட்டி அட்டையோ கையில் கொண்டுபோவது நல்லது. அதை ஈஸலில் பொருத்தி, தூரிகையை அழுத்துவது போல இரண்டு விரல்களால் முதலில் நடுவிலும், பிறகு மேல் மூலை ஒன்றிலும் அழுத்தி விடுங்கள். நடுவில் அழுத்தும்போது அசையவே கூடாது. மூலையில் சற்று அசையலாம். ஆனால் விரலை எடுத்த பிறகும் பலகை ஓரிரு நொடிகளுக்கு மேல் நடுங்கிக்கொண்டிருந்தால் அந்த ஈஸலை அங்கேயே விட்டுவிடலாம். அடுத்து, எல்லாத் திருகுகளையும் தளர்த்தி மீண்டும் இறுக்குங்கள். மறுகையில் தூரிகையும் துணியும் இருக்கப்போவதால், ஒரு கையால் செய்ய முடிகிறதா என்பதே கேள்வி. சிறிய காதுநட்டுகள் எண்ணெய் படிந்த விரல்களில் வழுக்கும். பெரிய மரக் குமிழோ பிளாஸ்டிக் குமிழோ மேல். அடித்தட்டு பல்வரிசையில் மாட்டி நிற்பதானால், பல்லும் கொக்கியும் ஆழமாகக் கவ்வுகின்றனவா என்று தட்டின் மேல் கையை ஊன்றிப் பாருங்கள். சக்கரங்கள் இருந்தால் ஒவ்வொன்றையும் பூட்டிவிட்டுத் தள்ளிப் பாருங்கள். பழைய ஈஸலை வாங்குவதில் தவறில்லை. தண்டு முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று நுனியில் கண்வைத்து நீளவாக்கில் பார்த்து, கீல்களில் மட்டும் குறையென்றால் தயங்காமல் வாங்கலாம். கீல் மாற்றுவது எளிது, வளைந்த மரத்தை நிமிர்த்துவது எளிதன்று.

புறப்படுவதற்கு முன் வீட்டில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஈஸலின் அடிப்பரப்பை, அதாவது கால்கள் விரியும் இடத்தை, பழைய செய்தித்தாள்களால் தரையில் பரப்பி வையுங்கள். பின்கால் விரியும் ஆழத்தைக் கணக்கில் கொள்ளாமல் வாங்கியவர்கள் பலர். படத்தைத் தள்ளி நின்று பார்க்க அதற்கு எதிரே வெற்றிடமும் வேண்டும். மூலைவிட்டத்தின் நீளத்தைப் போல இரண்டு மடங்காவது பின்வாங்க இடம் இருக்கட்டும். ஜன்னல் வெளிச்சம் வலக்கைக்காரருக்கு இடப்புறமிருந்தும் இடக்கைக்காரருக்கு வலப்புறமிருந்தும் வந்தால், தூரிகை பிடித்த கையின் நிழல் தீட்டும் இடத்தில் விழாது. அந்தத் தாள்களை மூன்று நான்கு நாள் அப்படியே விட்டு, வீட்டில் இருப்பவர்கள் எத்தனை முறை அவற்றை மிதித்துக்கொண்டு போகிறார்கள் என்று பாருங்கள். அடிக்கடி மிதிபட்டால் அது ஆள் நடக்கும் வழி. அங்கே ஈஸல் நிற்காது, மடித்து வைக்கும் வகையை வாங்குவதுதான் ஒரே வழி.

வாங்கி வந்த நாளில், மேலும் கீழும் நகரும் மரப்பகுதிகளில் மெழுகுவர்த்தித் துண்டைத் தேய்த்துவிடுங்கள். ஈரமான பருவத்தில் மரம் உப்பிச் சிக்கிக்கொள்ளாது. அங்கே எண்ணெய் போட்டால் தூசியைப் பிடித்து இறுகிவிடும். பிறகு உங்களுக்கு வசதியான உயரத்தில் தட்டை நிறுத்தி, தண்டில் அந்த இடத்தைப் பென்சிலால் ஒரு சிறு கோடு போட்டுக் குறித்து வையுங்கள். உட்காரும் உயரத்துக்கு ஒன்று, நிற்கும் உயரத்துக்கு ஒன்று. என் ஈஸலில் இப்போது மூன்று கோடுகள் இருக்கின்றன. மூன்றாவது, முதுகுவலி வந்த பிறகு போட்டது.